புது லாரி ஓட்டுநர் முதல் ஆண்டில் வீட்டுக்குக் கொண்டுவருவது எவ்வளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெடுந்தூர லாரிகளை ஓட்ட ஆள் கிடைக்கவில்லை என்றும், ஹெவி லைசென்ஸ் எடுத்த இளைஞர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே மாதம் 45,000 ரூபாய் வரை கிடைக்கிறது என்றும் தங்கள் நாளிதழில் சில நாள்களுக்கு முன் வந்த செய்தி எங்கள் ஊரில் பெரும் பேச்சாகிவிட்டது. சாயல்குடிக்குக் கிழக்கே, கடலுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே இருக்கும் சிற்றூர் எங்களுடையது. வானம் பார்த்த மிளகாய்க் கொல்லை, சீமைக்கருவேலங் கரிமூட்டம், உப்பளம், கடல், இவை நான்கும் கைவிட்டால் வெளிநாடு என்பதுதான் இங்குள்ள பிழைப்பு. செய்தி வந்த மறுநாள் காலையில் மூன்று தகப்பன்மார்கள் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தார்கள். 27 ஆண்டுகள் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டிவிட்டு, இரவில் எதிர்வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கியவன் நான் என்பதால், இந்தத் தொகை மெய்தானா என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்கு அன்று சொன்ன பதிலையே சற்று ஒழுங்குபடுத்தித் தங்களுக்கு எழுதுகிறேன்.

ஆள் இல்லை என்பது உண்மை. என்னோடு வண்டி ஓட்டியவர்களில் தம் பிள்ளையை இந்தத் தொழிலுக்கு விட்டவர் ஒருவரும் இல்லை. 45,000 என்ற தொகையையும் நான் பொய் என்று சொல்ல மாட்டேன். பத்து ஆண்டு கை பழகிய ஓட்டுநர், நல்ல வண்டியில், போகும் லோடும் வரும் லோடும் தட்டாமல் அமைந்த ஒரு மாதத்தில், சம்பளம், படி, டீசலை மிச்சம் பிடித்ததற்குக் கிடைக்கும் காசு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்தத் தொகை வரக்கூடும். ஆண்டுக்கு அப்படி இரண்டு மாதமோ மூன்று மாதமோ வாய்க்கும். அந்த மாதத்தை எடுத்து பன்னிரண்டால் பெருக்கி, நேற்று லைசென்ஸ் வாங்கிய பையனின் கையில் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. என் அக்கா மகன், வயது 24, லாரி ஏறி ஓராண்டு முடிந்திருக்கிறது. வண்டி ஏறிய அன்றே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்து, வந்ததையும் போனதையும் அன்றன்றைக்கே எழுது என்று சொல்லி அனுப்பினேன். மறுப்புச் சொல்லாமல் எழுதியிருக்கிறான். ஓரங்கள் கிரீஸ் படிந்து கறுத்து, நடுவில் சில பக்கங்கள் மழையில் ஊறி ஒட்டிக்கொண்டு, ‘நாக்பூர், நிப்பு, மூணாம் நாள், குளியல் 20, சோறு 110, டீ 45’ என்று பென்சிலில் கிறுக்கிய அந்த நோட்டு இதை எழுதும்போது என் முன்னால் இருக்கிறது. ஒருவனுடைய கணக்கை ஊர்க்கணக்காக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இதைவிட மோசமான முதல் ஆண்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இதைவிட நல்லவை குறைவு.

முதலில் லைசென்ஸ் செலவு. கார் ஓட்டும் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு கழிந்த பிறகுதான் கனரக வண்டிக்குப் பழகுநர் உரிமம் கேட்க முடியும். வயது 20 நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019இல் எடுத்துவிட்டார்கள். பயிற்சிப் பள்ளிக் கட்டணம், வாடகை வண்டி, போக வரப் பஸ் செலவு, இன்ன பிற எல்லாம் சேர்ந்து அவனுக்கு 28,000 ரூபாய் ஆனது; அக்காவின் தோடு அடகுக்குப் போயிற்று. அரசு சார்ந்த நல்ல பயிற்சிப் பள்ளி ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. தனுஷ்கோடிப் பக்கத்துப் பையனுக்கு அது மாநிலத்தின் மறுகோடி. இங்கே பக்கத்தில் கற்றுக்கொடுப்பதெல்லாம் வெற்று வண்டியை மைதானத்தில் எட்டுப் போடுவதுதான். 20 டன் சரக்கை முதுகில் வைத்துக்கொண்டு இறக்கத்தில் இறங்குவது எப்படி என்பதைப் பழைய ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும். அதனால்தான் லைசென்ஸ் கையில் இருந்தும் முதல் மூன்று மாதம் அவன் செகண்ட் டிரைவர், அதாவது பாதி கிளீனர். அந்த மூன்று மாதத்துக்கு மாதச் சம்பளம் 10,000. வண்டி ரோட்டில் இருக்கும் நாளுக்குப் படி 300. ரோட்டில் இருந்தது 66 நாள். சம்பளமும் படியும் சேர்த்து 49,800 ரூபாய்.

அடுத்த ஒன்பது மாதம் வண்டி அவன் பொறுப்பு. சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர், புனே போவதும், நாசிக் வெங்காயமோ கிடைத்த வேறு சரக்கோ ஏற்றிக்கொண்டு திரும்புவதும் வேலை. சம்பளம் 15,000, ஓடும் நாளுக்குப் படி 500 என்று பேச்சு. இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். 500ஐ முப்பதால் பெருக்கி 15,000, சம்பளம் 15,000, ஆக மாதம் 30,000 என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். ஓடும் நாள் என்ற சொல்லைக் காதில் வாங்குவதில்லை. அந்த ஒன்பது மாதத்தின் 274 நாளில் வண்டி ஓடியது 151 நாள். ஏற்றவும் இறக்கவும் திரும்பி வர லோடு கிடைக்கவும் காத்துக் கிடந்தது 52 நாள். அந்த நாள்களுக்குப் படி பாதி, 250 ரூபாய். எப்.சி. என்னும் வண்டித் தகுதிச் சான்றுக்கும் இன்ஜின் வேலைக்கும் பட்டறையில் நின்றது 17 நாள். அதற்குப் படி கிடையாது. வீட்டில் இருந்தது 54 நாள். மாதத்துக்கு நான்கு நாள் விடுப்புப் போக மிச்சம் 18 நாளுக்குச் சம்பளத்தில் 9,000 பிடித்துக்கொண்டார்கள். ஆகச் சம்பளம் 1,26,000, படி 88,500. சரக்குக்காரர்கள் தார்ப்பாய் போட்டதற்கும் டீக்கும் என்று கொடுத்தது 6,200. முதல் மூன்று மாதத்தையும் கூட்டினால் ஆண்டு முழுவதும் அவன் கைக்கு வந்தது 2,70,500 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 22,500 சொச்சம்.

கைக்கு வந்ததெல்லாம் வீட்டுக்கு வந்துவிடாது. நாள் முழுக்க வண்டியில் இருப்பவனுக்கு மூன்று வேளைச் சோறும் டீயும் குளியலும் காசு கொடுத்து வாங்கும் பண்டங்கள். வீட்டிலிருந்தால் அதே அரிசி, அதே மீன், செலவு என்றே தெரியாது. ரோட்டில் கழிந்த 269 நாளுக்கும் அவன் தின்றது, குடித்தது, குளித்தது 84,100 ரூபாய். நாளுக்கு 300க்குச் சற்று மேல். குடிப்பழக்கமோ புகையோ இல்லாத பையனின் கணக்கு இது. சேலத்தில் வண்டியை விட்டுவிட்டு ஊருக்கு வந்து போன பஸ் கட்டணம் 7,900. பிடித்தங்கள் 13,500. இவ்வளவும் போக வீட்டுக்கு வந்தது 1,65,000 ரூபாய், மாதத்துக்கு 13,750. தோட்டை மீட்க அசலும் வட்டியும் கட்டியதை நான் இதில் சேர்க்கவில்லை.

பிடித்தம் என்ற அந்த 13,500ஐப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தச் செய்தியிலும் எந்த விளம்பரத்திலும் இது வருவதில்லை. அதில் 4,000 வெடித்த டயருக்கு. 3,900 நனைந்துபோன ஒரு மூட்டை ஜவ்வரிசிக்கு. தார்ப்பாயில் கிழிசல் இருக்கிறது என்று இரண்டு முறை சொல்லியும் மாற்றித் தராமல், மழை பெய்த பிறகு ஓட்டுநர் கணக்கில் எழுதிவிட்டார்கள். மீதி 5,600 மைலேஜ் குறைந்ததற்கு. எங்கள் தொழிலில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முதலாளி ஒரு கணக்கு வைத்திருப்பார். அதற்கு மேல் மிச்சம் பிடித்தால் அந்த டீசல் காசு ஓட்டுநருக்கு, குறைந்தால் ஓட்டுநர் தலையில். கை பழகியவருக்கு இது வருமானம். 45,000 கணக்கில் ஒரு பங்கு இதுதான். புது ஆளுக்கு இது தண்டம். எந்த மேட்டுக்கு எந்த கியர், எவ்வளவு தூரத்துக்கு முன்பே காலைத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் உடம்பில் ஏற இரண்டு ஆண்டாவது ஆகும். அதுவரை அவன் டீசலைக் குடிக்கத்தான் செய்வான். போதாக்குறைக்குப் புது ஆளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் பழைய வண்டி. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று அரசு கொண்டுவந்த விதி நல்ல விதி, அதன் குளிர்ச்சி என் மருமகன் ஓட்டும் வண்டிக்கு வர எத்தனை ஆண்டு ஆகுமோ. பழைய வண்டி டீசலையும் கூடுதலாக எடுக்கும், பட்டறை நாளையும் கூடுதலாக்கும். இரண்டும் ஓட்டுநரின் கணக்கில்தான் வந்து விழும்.

இந்த டீசல் மிச்சம் என்னும் ஆசையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியை உருள விடுகிறவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கிடைக்கும் மிச்சம் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் முன்னால் போகும் காரும் பஸ்ஸும்தான் அவனுக்கு பிரேக். சம்பளத்தை இப்படி வைத்துவிட்டு, இறக்கத்தில் ‘லோ கியரில் செல்லவும்’ என்று பலகை நட்டு என்ன பயன்?

தூர லாரி வேண்டாம், உள்ளூரில் மீன் லாரி ஓட்டலாமே என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இராமேசுவரம், மண்டபம், பாம்பன் பக்கத்திலிருந்து கேரளத்துக்கு ஐஸ் வைத்த மீன் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு ஒரு டிரிப்புக்குக் கிடைப்பது என் மருமகனின் படியைவிட நிச்சயம் அதிகம். விடிவதற்குள் சந்தையில் நின்றாக வேண்டிய ஓட்டம் அது. மீன் காத்திருக்காது என்பதால் காத்திருப்பு நாள் என்பதே இல்லை. ஆனால் டிரிப் எத்தனை? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், அதற்குப் பெரிய வண்டி தேவைப்படாது. தடை முடிந்த பிறகும் இராமேசுவரம் விசைப்படகு தினமும் கடலுக்குப் போவதில்லை. புயல் எச்சரிக்கை, இலங்கையில் நம் மீனவர்கள் பிடிபட்டதற்காக வேலைநிறுத்தம் என்று போகும் நாள்களும் உண்டு. படகு நின்றால் லாரியும் நிற்கும், லாரி நின்றால் டிரிப் காசும் நிற்கும். மீனவருக்காவது தடைக்கால நிவாரணம் என்று ஒரு தொகை வருகிறது. மீன் வண்டி ஓட்டுநரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. வாலிநோக்கம் உப்பு லோடும் இப்படித்தான், ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியில் தண்ணீர், வண்டிக்கு ஓய்வு. ஆகவே உள்ளூர் ஓட்டத்திலும் முதலில் எண்ண வேண்டியது நாளைத்தான், தொகையை அப்புறம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. நெடுந்தூர வழித்தடங்களில் மிஞ்சிப்போனால் நாளுக்கு 10, வாரத்துக்கு 54. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் அரைமணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. என் 27 ஆண்டில் இந்தச் சட்டத்தின் பெயரை ஒரே ஒருவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன், அவரும் விபத்து வழக்கில் எதிர்த்தரப்புக்கு வந்த வக்கீல். ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் இடங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று வைத்திருந்தார்கள். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கோ பொதுவாக இருபது பேர் வேண்டும். இரண்டு லாரி, மூன்று லாரி வைத்து வங்கிக் கடன் தவணை கட்ட முடியாமல் தவிக்கும் முதலாளியிடம்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் ஆண்டில் வேலைக்குச் சேருகிறார்கள். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. என் மருமகனின் முதலாளி தீபாவளிக்கு வேட்டி சட்டையும் அம்மாவுக்குச் சேலையும் எடுத்துக் கொடுத்தவர். ஆனால் வேட்டி சட்டை வேறு, காத்திருப்புப் படி வேறு.

பாரம் கூடுதலாக ஏற்றச் சொன்னால் அபராதம் யார் தலையில் என்பதையும் வேலைக்குச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அது 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ஏறுகிறது. ஒரு முறை ஓட்டுநர் கணக்கில் எழுதினால் ஒரு மாதச் சம்பளம் போதாது.

உள்நாட்டுக் கணக்கு இப்படி என்றால், எங்கள் கடற்கரையில் அதைவிடப் பெரிய தொகை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் லாரி ஓட்டினால் மாதம் 5 லட்சம், ஹெவி லைசென்ஸ் இருந்தால் போதும், முன்பணம் 2 லட்சம் என்று ஓர் ஏஜென்டு ஊர் ஊராக வந்து பேசுகிறார். வளைகுடாவுக்கு மூன்று தலைமுறையாக ஆள் அனுப்பிப் பழகிய மண் என்பதால் ஏஜென்டு என்ற சொல்லுக்கு இங்கே இன்னும் மரியாதை இருக்கிறது. நான் என் மகளை விட்டு அந்த நாட்டுக் கணக்கை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அங்கே அரசின் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் 2024 மே மாதக் கணக்காகச் சொல்வது, கனரக லாரி ஓட்டுநரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 57,440 டாலர் என்று; அதாவது பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. இருபது ஆண்டு ஓட்டியவரையும் சேர்த்த கணக்கு அது. புதிதாக வருகிறவர் கீழ்ப்பாதியில்தான் தொடங்குவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படித்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏனென்றால் ஏழு கடல் தாண்டியும் அதே கணக்குத்தான். அங்கே நெடுந்தூர ஓட்டுநருக்குப் பெரும்பாலும் மைல் கணக்கில் கூலி. ஒரு பேச்சுக்கு மைலுக்கு 45 சென்ட், வாரத்துக்கு 2,200 மைல், ஆண்டில் 48 வாரம் ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் 47,520 டாலர் வரும். அந்த 2,200 மைல் எல்லா வாரமும் கிடைத்தால்தான் அந்தத் தொகை. கிடங்கு வாசலில் நான்கு மணி நேரம் நின்றால் மைல் ஓடாது. நிற்பதற்குத் தருவது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி என்ற அந்நாட்டு மத்தியச் சட்டம் மாநிலம் தாண்டி ஓட்டும் லாரிக்காரருக்குப் பெரும்பாலும் கிடையாது. பயிற்சியாளரோடு ஓட்டும் முதல் வாரங்களுக்குக் குறைந்த தொகைதான். பயிற்சிச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டால் ஓராண்டு போல அங்கேயே வேலை பார்க்க வேண்டும், நடுவில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வதும் உண்டு. ஒரு வேற்றுமை மட்டும் இருக்கிறது. நாளுக்கு 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்ற விதியை அங்கே வண்டியிலேயே பொருத்திய மின்னணுக் கருவி பதிவு செய்துகொண்டிருக்கும், மறைக்க முடியாது. அது நமக்கும் வந்தால் நல்லதுதான், கூலியை நாளோடு கட்டிய பிறகு வந்தால்.

இவ்வளவும் அங்கே போய்ச் சேர்ந்தவருக்கு. 2025 ஜூன் முதல் ஆங்கிலத்தில் பேசவும் பலகைகளை வாசிக்கவும் முடியாத ஓட்டுநரைச் சோதனையில் அங்கேயே வண்டியிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், வணிக லாரி ஓட்டுநர்களுக்கான வேலை விசா கொடுப்பதை நிறுத்தி வைப்பதாக அந்நாட்டு வெளியுறவு அமைச்சரே அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகும் இங்கே வந்து 2 லட்சம் முன்பணம் கேட்கிறவர் எந்த விசாவைக் காட்டிக் கேட்கிறார் என்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். வளைகுடாவுக்கு ஹெவி டிரைவராகப் போக நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். இங்குள்ள லைசென்ஸைக் காட்டிவிட்டு அங்கே லாரி ஏறிவிட முடியாது, அந்தந்த நாட்டு லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதுவரை கையில் என்ன வரும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அதற்கு மேல் கேட்டால் அவர் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம்.

டீக்கடையில் கேட்ட மூவரில் ஒருவர், அப்படியானால் பிள்ளையை அனுப்பவே வேண்டாம் என்கிறீர்களா என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். அப்படி நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலில்தான் நான் இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், கூரை வீட்டைக் காரை வீடாக்கினேன். மூன்றாம் ஆண்டிலிருந்து கை நேராகிவிடும். டீசல் மிச்சம் வரத் தொடங்கும், நல்ல வண்டி கைக்கு வரும், எந்த ஊரில் எந்தப் புக்கிங் ஆபீஸில் லோடு சீக்கிரம் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும், நிற்கும் நாள் குறையும். முதல் இரண்டு ஆண்டைத் தாண்டுவதற்குத்தான் வீட்டில் வேறு வருமானம் இருக்க வேண்டும். 45,000 வரும் என்று நம்பித் தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கிவிட்டு லாரி ஏறுகிற பையன், ஆறாம் மாதத்தில் சாவியை முதலாளி மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறான். ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிமார்கள் சொல்வதில் பாதி, வந்த ஆள் இப்படித் திரும்பிப் போனதுதான். மாதம் 14,000 வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் அந்தப் பையன்களில் பலர் நின்றிருப்பார்கள்.

அதனால் தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஓட்டுநர் வேலை பற்றிய செய்தியோ விளம்பரமோ வரும்போது மாதச் சம்பளத்தோடு வேறு சில விவரங்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். சென்ற ஆண்டில் வண்டி ஓடியது எத்தனை நாள், நின்ற நாளுக்குப் படி எவ்வளவு, டயருக்கும் மூட்டைக்கும் மைலேஜுக்கும் பிடித்தம் உண்டா, உண்டென்றால் எந்த அளவுக்கு, சாப்பாடு யாருடையது. இவற்றை ஒரு முதலாளி சொல்ல மறுத்தால் அதுவே வாசகருக்கு ஒரு செய்திதான். எங்கள் மாவட்ட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹெவி லைசென்ஸ் வாங்க வருகிறவர்களுக்கு, அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்வது எப்படி என்பதையும் இந்தக் கேள்விகளையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தால் செலவு அதிகம் ஆகாது. வாரியத்தில் பதிவு செய்யலாம் என்பதே என் மருமகனுக்கு எட்டாம் மாதத்தில்தான் தெரியும். அதுவும் பக்கத்து வண்டிக்காரர் சொல்லி.

சென்ற வாரம் ஊருக்கு வந்திருந்தபோது அவனும் நானும் அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து கூட்டினோம். 52 நாள் சும்மா நின்றிருக்கிறேன் மாமா என்று சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினான். இரண்டாம் ஆண்டுக்கு ஓடும் நாளுக்கு 600, நிற்கும் நாளுக்கு 400 என்று பேசி முடித்திருக்கிறார்கள். தனியாகத் தாளில் எழுதித் தர முதலாளி சம்மதிக்கவில்லை. புது நோட்டின் முதல் பக்கத்தில் அவனே எழுதி, அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வண்டி ஏறியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர்,
சாயல்குடி வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.